அம்மாவின் மெட்டியை இரண்டாவது முறையாக வெட்டி எடுத்திருக்கிறோம், இது சுகர் வீக்கம்தானா?

குடமுருட்டிக்கரை | ஜூன் 14, இரவு 9.42

வணக்கம். சொந்த ஊர் பாபநாசம் பக்கம், நான் இருப்பது திருப்பூரில். அம்மாவுக்கு 49 வயது. போன வாரம் ஊருக்குப் போனபோது காலில் மெட்டி இல்லை. கேட்டால், விரல் இறுகி நீலம் பாரித்துவிட்டதாம், பத்தரிடம் போய் வெட்டி எடுத்தார்களாம். மூன்று வருடம் முன்பும் இதேதான் நடந்தது. அப்போது வெட்டியபின் ஒரு சுற்றுப் பெரிதாகச் செய்து போட்டதுதான் இந்த மெட்டி.

மெட்டி மட்டும் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். 6-ஆம் நம்பர் செருப்பு போட்டவர் இப்போது என் பழைய 8-ஐ மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போகிறார். சுகர் இரண்டு வருடமாக, பிரஷர் ஒரு வருடமாக. குறட்டை தாங்காமல் அப்பா படுக்கையைத் திண்ணைக்கு மாற்றிவிட்டார். விடியற்காலையில் கை மரத்துப்போய் உதறி உதறி எழுந்திருக்கிறார். உள்ளூர் டாக்டர் "நாற்று நடுகிற கை, மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது" என்று மாத்திரை கொடுத்தார். அத்தை, "உடம்பு பூசிப்போச்சு, அவ்வளவுதான்" என்கிறார்.

நேற்று என் காதுகுத்து ஆல்பத்தை எடுத்து வைத்திருந்தேன். நாலு வயது மகள் ஒரு படத்தைக் காட்டி "இது யாருப்பா?" என்றாள். பாட்டி என்றேன். நம்பவில்லை. நானும் படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தேன். மூக்கு, தாடை, நெற்றி எலும்பு எல்லாம் வேறு. தினமும் பார்க்கிற எங்களுக்குத் தெரியவில்லை, குழந்தைக்குத் தெரிகிறது.

எந்த டாக்டரிடம் போவது?

---

பத்தர்வீடு | ஜூன் 14, இரவு 10.15

தம்பி, கும்பகோணத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். மருத்துவம் தெரியாது, விரல் தெரியும். நீர் கட்டினால் மோதிரம் சாயங்காலம் இறுகும், காலையில் தளரும். கர்ப்பிணிகளுக்கு ஏழாம் மாதம் இறுகும், பிள்ளை பிறந்ததும் சரியாகிவிடும். உடம்பு பருத்தால் விரலின் அடிப்பகுதி பருக்கும், முட்டி அப்படியே இருக்கும். இப்படி எதிலும் சேராமல், முட்டியோடு சேர்த்து விரலே அகலமாகி, கை கால் இரண்டிலும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போன ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குத் தலைக்குள் ஒரு சுரப்பியில் கட்டி என்று பிறகு சொன்னார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. காலை, மாலை இரண்டு வேளையும் அம்மா விரலை ஒரு நூலால் அளந்து பாருங்கள்.

---

தஞ்சை_செவிலி | ஜூன் 14, இரவு 11.03

பத்தர் ஐயா சொன்னது சரிதான். நான் நரம்பியல் அறுவை வார்டில் 11 வருடமாக இருக்கிறேன். நீங்கள் எழுதியதை ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது அக்ரோமெகலி. பிட்யூட்டரியில் வரும் சின்னக் கட்டி, வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் விடுகிறது. வளரும் வயதில் வந்தால் ஆள் ஏழடி வளர்வார். எலும்பின் நுனி மூடிய பிறகு வந்தால் உயரம் கூடாது. கை, கால், தாடை, நாக்கு பெரிதாகும். சுகர், பிரஷர், குறட்டை, கை மரப்பு, வியர்வை எல்லாம் அதன் கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு டாக்டரிடம் போகிறோம், அதனால்தான் அடிமரம் தெரிய வருடக்கணக்காகிறது.

கீழ்ப்பல் வரிசையில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வியர்வை அதிகமா என்றும் கேளுங்கள்.

போக வேண்டியது ஹார்மோன் டாக்டரிடம், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்ட். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருக்கிறார்கள். ஆல்பத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு படம் வீதம் எடுத்து வைத்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நேராகப் போய் மூளை ஸ்கேன் எடுத்துவிடாதீர்கள். முதலில் ரத்தம், பிறகுதான் படம்.

---

இயற்கை_வழி | ஜூன் 15, காலை 6.20

கட்டி என்று சொல்லிப் பயமுறுத்தி மூக்கு வழியாக மூளையைத் தோண்டுவார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியர் பொடி தருகிறார். எப்பேர்ப்பட்ட கட்டியும் 48 நாளில் கரையும். தேவைப்பட்டால் தனிச்செய்தியில் விலாசம் தருகிறேன்.

---

பழைய_லஸ்கர் | ஜூன் 15, காலை 8.50

பொடி என்றதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது, ஆனாலும் மரியாதையாகவே எழுதுகிறேன்.

என் வீட்டம்மாவுக்கு 2019-இல் இதே சுரப்பியில் கட்டி, வேறு ஹார்மோன். குஷிங் நோய் என்பார்கள். தஞ்சாவூரில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மூட்டு வலிக்குப் பொடி, பேர் தெரியாத மாத்திரை, கடையில் வாங்கிய களிம்பு ஏதாவது பயன்படுத்தினீர்களா?" என்பதுதான். ஏனென்றால் லேபிள் இல்லாத பொடியில் டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் தின்றால் கட்டியே இல்லாமல் அதே முகவீக்கம், அதே சுகர் வரும். அப்படி வருகிறவர்கள்தான் அதிகம், உண்மையான கட்டி அபூர்வம் என்றார். பொடி தின்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும், திடீரென்று விட்டால் ஆளைச் சாய்த்துவிடும். டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நான் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருடம் ஷட்டர் ஏற்றி இறக்கியவன். டாக்டர் விளக்கியது மண்டையில் ஏறவில்லை, மதகாக மாற்றிப் பார்த்ததும் ஏறிவிட்டது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஒன்று, அதை மேட்டூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே தொங்குகிற பிட்யூட்டரி நம் கல்லணை. பட்டாணி அளவுதான், அரை கிராம் எடை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிற மாதிரி அங்கிருந்து தைராய்டுக்கு ஒன்று, அட்ரினலுக்கு ஒன்று, சினைப்பைக்கு ஒன்று, வளர்ச்சிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போகிறது. டெல்டாவில் மழை கொட்டினால் கீழேயிருந்து தகவல் போகும், ஷட்டரை இறக்குவோம். அதே மாதிரி ரத்தத்தில் ஹார்மோன் நிறைந்தால் சுரப்பி தானாக இறக்கிக்கொள்ளும்.

கட்டி என்பது துருவேறி மாட்டிக்கொண்ட ஷட்டர். கீழே வெள்ளக்காடு, இங்கே இறங்கவில்லை. பரிசோதனை என்பது என்ன? "இறக்கு" என்று ஓர் உத்தரவு போட்டு, இறங்குகிறதா என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

என் வீட்டம்மாவுக்கு இரவு 11 மணிக்கு டெக்சாமெத்தசோன் 1 மி.கி. கொடுத்தார்கள், காலை 8 மணிக்கு ரத்தம். நல்ல சுரப்பி என்றால் கார்டிசால், அதாவது அட்ரினல் விடுகிற ஹார்மோன், 1.8-க்குக் கீழே விழ வேண்டும். இவளுக்கு 14. உங்கள் அம்மாவுக்கு உத்தரவு வேறு மாதிரி இருக்கும், குளுக்கோஸ் குடிக்க வைப்பார்கள். அதைத் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

---

குடந்தை_லேப் | ஜூன் 15, மதியம் 1.30

லஸ்கர் ஐயாவின் கல்லணையை நானும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறேன். வளர்ச்சி ஹார்மோன் முறைப்பாசனம் மாதிரி, விட்டு விட்டு வரும். ஒரு தடவை ரத்தம் எடுத்து அளந்தால், நீங்கள் எட்டிப் பார்த்த நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்பதுதான் தெரியும். நல்ல ஆளுக்கு ஏறியும் காட்டும், நோயாளிக்கு இறங்கியும் காட்டும். ஐஜிஎஃப்-1 என்பது வயலின் ஈரம். ஹார்மோன் கல்லீரலுக்குப் போய் அங்கே உண்டாவது, நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். அதனால் முதலில் ஐஜிஎஃப்-1. வயதுக்கு ஏற்ப அளவு மாறும், ரிப்போர்ட்டில் வயது சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இது மட்டும் நூறு முறை தப்பாகியிருக்கும். சுகர் கட்டுக்கடங்காமல் இருந்தாலோ கல்லீரல் கெட்டிருந்தாலோ ஐஜிஎஃப்-1 பொய்யாகக் குறைந்து காட்டும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அது கூடி இருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து இரண்டு மணி நேரம், அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம். வளர்ச்சி ஹார்மோன் 1 நானோகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும். இன்னும் நுட்பமான கருவி என்றால் 0.4.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். முடி வளர, நகம் வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சொல்வதே இல்லை. ஹார்மோன் பரிசோதனைகள் பலவற்றை அது புரட்டிப்போடும், இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஏசிடிஎச் என்பது அட்ரினலுக்குப் பிட்யூட்டரி அனுப்புகிற ஹார்மோன். அதற்கான ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில், ஐஸில் வைத்து, உடனே குளிரிலேயே சுழற்றிப் பிரிக்க வேண்டும். இந்த வெயிலில் கூரியர் பையன் பைக் பையில் போட்டு எடுத்துப்போனால், போய்ச் சேருவதற்குள் பாதி அழிந்துவிடும். ஏசிடிஎச் எழுதிக் கொடுத்தால், "இங்கேயே பிரித்து உறையவைத்து அனுப்புவீர்களா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

---

மன்னை_மலர் | ஜூன் 15, இரவு 8.10

இந்த இழையை விடமுடியவில்லை. எனக்கும் அதே கல்லணைதான், ஆனால் பால் வாய்க்கால்.

கல்யாணமாகி நாலு வருடம் குழந்தை இல்லை. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஒருநாள் குளிக்கும்போது மார்பில் பால் கசிந்தது. பிள்ளையே பெறாதவளுக்குப் பால் என்றால் யாரிடம் சொல்வது? அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துக் குழந்தைப்பேறு மருத்துவமனையில்தான் வாயைத் திறந்தேன்.

பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் புரோலாக்டின், முதல் தடவை 62 வந்தது. நான் அப்போது வயிற்று உப்புசத்துக்கு டோம்பெரிடோன் விழுங்கிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தச் சொல்லி, தைராய்டு பார்த்து, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். 140. பிறகு எம்ஆர்ஐ, 6 மில்லிமீட்டர். 10-க்குக் கீழே இருந்தால் நுண்கட்டி என்கிறார்கள்.

டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது: மற்ற வாய்க்காலுக்கெல்லாம் மூளையிலிருந்து "திற" என்று உத்தரவு வரும், புரோலாக்டினுக்கு மட்டும் எப்போதும் "மூடு" என்கிற உத்தரவுதான் பெரிது. அந்த உத்தரவின் பெயர் டோபமின். டோம்பெரிடோன் அதை மறிக்கிறது, மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் மறிக்கின்றன, அதனால் பால் ஏறுகிறது. எனக்குக் கொடுத்த கேபர்கோலின் மாத்திரை அந்த உத்தரவையே போலி செய்கிறது. அதனால் இந்த ஒரு கட்டிக்கு மட்டும் பெரும்பாலும் கத்தி வேண்டாம்.

0.5 மி.கி. மாத்திரையில் பாதி, ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று. இரவு சாப்பிட்டதும் போட்டுக்கொண்டு உடனே படுத்துவிட வேண்டும். முதல் தடவை காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன், நீடாமங்கலம் வருவதற்குள் வாந்தி. மூன்றாம் மாதமே விலக்கு ஒழுங்கானது. பத்தாம் மாதம் கர்ப்பம். உறுதியானதும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் மட்டும் ஓடி வா என்றார்கள், வரவில்லை. பையனுக்கு இப்போது மூன்று வயது. தாய்ப்பாலும் கொடுத்தேன்.

மாமியார் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் மந்திரித்த நெய் வாங்கி 48 நாள் கொடுத்தார். சாப்பிட்டேன். மாத்திரையும் சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் பெருமை நெய்க்குத்தான், நான் சண்டைக்குப் போவதில்லை.

---

வேதை_உப்பளம் | ஜூன் 16, காலை 7.05

அக்கா சொன்ன அதே கட்டி ஆம்பளைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் உதாரணம். பெண்களுக்கு விலக்கு நின்றால் தெரிந்துவிடும். நமக்கு எது நின்றாலும் வெளியே சொல்ல மாட்டோம். மூன்று வருடம் ஆசை சுத்தமாக இல்லை. வயசாகிறது என்று நானே சொல்லிக்கொண்டேன், அப்போது எனக்கு 38.

கண்ணில்தான் மாட்டினேன். உப்பளத்து வரப்பில் பைக் ஓட்டும்போது இடது பக்கம் வருகிற ஆள் தெரியாது, வலது பக்கம் வருகிற மாடும் தெரியாது. நேரே பார்த்தால் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரியும். கண்ணாடிக் கடையில் "பார்வை நன்றாக இருக்கிறது" என்றார்கள். அகஸ்தியம்பள்ளி சாலையில் ஒரு சைக்கிள்காரரை இடித்துத் தள்ளியபின் ஒரு கண் டாக்டர் பக்கப்பார்வைப் பரிசோதனை செய்தார். இரண்டு கண்ணிலும் வெளிப்பாதி இருட்டு. கண் நரம்புகள் குறுக்கே கடக்கிற இடம் பிட்யூட்டரிக்கு நேர் மேலே இருக்கிறதாம், கட்டி கீழேயிருந்து முட்டுகிறது.

எம்ஆர்ஐயில் 38 மில்லிமீட்டர். ஆனால் புரோலாக்டின் 84 மட்டும்தான். பக்கத்திலிருக்கிற எந்தக் கட்டி பிட்யூட்டரி தொங்குகிற காம்பை அழுத்தினாலும் இந்த அளவு ஏறுமாம், அதனால் "இது வேறு கட்டி, அறுவைதான்" என்று தேதியே கொடுத்துவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர், "இவ்வளவு பெரிய கட்டிக்கு இந்த எண் பொருந்தவில்லை" என்று அதே ரத்தத்தை நூறு மடங்கு நீர்த்து அளக்கச் சொன்னார். 6,400.

லேப் அண்ணன் இதை விளக்கலாம், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

---

குடந்தை_லேப் | ஜூன் 16, காலை 10.40

கொக்கி விளைவு என்போம். ஹார்மோனை இரண்டு பக்கமும் பிடித்துச் சாண்ட்விச் மாதிரி ஒட்டித்தான் எண்ணுகிறது கருவி. ஹார்மோன் மிதமிஞ்சி இருந்தால் மேல்பக்கத்துக்கும் கீழ்பக்கத்துக்கும் தனித்தனி ஆள் ஒட்டிக்கொள்கிறது, சாண்ட்விச் உருவாவதில்லை. கருவி குறைவு என்கிறது. பஸ்ஸில் கூட்டம் முட்டினால் கண்டக்டர் பாதிப் பேருக்கு டிக்கெட் போடாமல் விடுவது மாதிரி. இப்போதைய கருவிகளில் இது குறைவு. ஆனாலும் பெரிய கட்டி, சின்ன எண் என்றால் நீர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறாக, எண் ஏறியிருந்தும் நோயே இல்லாமல் இருக்கலாம். புரோலாக்டின் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்களோடு ஒட்டிப் பெரிய மூலக்கூறாகச் சுற்றும், வேலை செய்யாது. அதைப் பிரித்துப் பார்க்கவும் வழி உண்டு.

---

வேதை_உப்பளம் | ஜூன் 16, காலை 11.25

கண்டக்டர் கதை சூப்பர். அறுவைத் தேதி போச்சு. மாத்திரை ஆரம்பித்து இரண்டே வாரத்தில் பக்கவாட்டில் ஆள் தெரிய ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது.

ஒரு பின்விளைவைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வாரம் 2 மி.கி. வரை ஏற்றியபோது நான் ஆன்லைன் ரம்மியில் விழுந்தேன். அதற்கு முன் சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. இரவு இரண்டு மணிக்கு வெளியே போய் உட்கார்ந்து ஆடுவேன். 70,000 ரூபாய் போயிற்று. வீட்டில் கண்டுபிடித்து டாக்டரிடம் சொன்னபோது, "மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும், முதலிலேயே எச்சரித்திருக்க வேண்டும்" என்றார். குறைத்ததும் அந்த வெறி விட்டது. சூதாட்டம், கண்டபடி செலவு, எதுவானாலும் கூட இருப்பவர்கள் கவனியுங்கள். ஆடுகிறவனுக்குத் தெரியாது. அளவு அதிகம் என்பதால் இதய வால்வுக்கு அவ்வப்போது எக்கோவும் எடுக்கிறார்கள்.

---

நிர்வாகி | ஜூன் 16, மதியம் 12.00

பொடிப் பதிவு போட்டவர் தனிச்செய்தியில் மூன்று பேருக்கு விலாசம் அனுப்பியதாகப் புகார் வந்தது. கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம். இழை தொடரட்டும்.

---

குடமுருட்டிக்கரை | ஜூலை 9, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. பத்தர் ஐயா, நூல் அளவு காலையும் மாலையும் ஒன்றேதான். செவிலி அக்கா, கீழ்ப்பல்லில் இடைவெளி இருக்கிறது. முருங்கைக்காய் நார் மாட்டுகிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஐஜிஎஃப்-1: 742. ரிப்போர்ட்டில் வயதுக்கு உச்சவரம்பு 240 என்று போட்டிருந்தது.

குளுக்கோஸ் பரிசோதனைக்கு முந்தின நாள் அம்மா ஒரே ரகளை. "சர்க்கரைக்காரியக் கூப்பிட்டு சர்க்கரைத் தண்ணி குடிக்கச் சொல்றாங்களே, இவங்க டாக்டருங்கதானா?" சுகர் ஓரளவு கட்டுக்குள் இருந்ததால் டாக்டர் கூடவே அதையும் அளந்துகொண்டு செய்தார். ஐந்து தடவை ரத்தம் எடுத்தார்கள். மிகக் குறைந்தது 6.8. லஸ்கர் ஐயா, ஷட்டர் இறங்கவில்லை.

பிறகுதான் எம்ஆர்ஐ. சாய மருந்து போட்டு எடுத்தார்கள். 14 மில்லிமீட்டர். அறுவை செய்யலாம் என்கிறார்கள். கட்டி என்றதும் அப்பா "புத்துநோயா?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் பயம். தங்கைக்கும் எனக்கும் வருமா?

---

தஞ்சை_செவிலி | ஜூலை 9, இரவு 10.50

தம்பி, அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள்: இந்தக் கட்டிகள் ஏறக்குறைய எல்லாமே புற்றுநோய் அல்லாதவை. வேறு இடத்துக்குப் பரவுவது அபூர்வத்திலும் அபூர்வம். பரம்பரையாக வருவதும் குறைவு. குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே கட்டியோ, கால்சியம் ஏறுகிற பாராதைராய்டு கோளாறோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நான் ஏன் முதலில் ரத்தம் என்றேன் தெரியுமா? ஒரு நோயும் இல்லாத பத்துப் பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தால் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் ஒரு புள்ளி தெரியும். அதை வைத்துக்கொண்டு குடும்பமே தூங்காமல் அலையும். ரத்தம் பேசிவிட்ட பிறகு படம் எடுத்தால் அது வெறும் இடம் காட்டுகிற வேலைதான்.

அறுவை மூக்கு வழியாகத்தான். மண்டையோட்டைத் திறப்பதில்லை. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ஷ்லோஃபர் என்பவர் 1907-இல் மூக்கு வழியாக முதன்முதலில் செய்தார். அப்போது மூக்கையே திருப்பி வைத்தார்கள். இப்போது எண்டோஸ்கோப், வெளியே தழும்பே தெரியாது. யார் செய்கிறார் என்பது முக்கியம், மாதாமாதம் இதைச் செய்கிற கை வேண்டும். ஹார்மோன் பிரிவும் நரம்பு அறுவைப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடமாகப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி இவற்றில் இரண்டும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கும்போதே காட்டுங்கள், பிறகு காட்டினால் அலைச்சல்.

மயக்க மருந்து டாக்டரிடம் குறட்டையைப் பற்றி நீங்களாகவே சொல்லுங்கள். நாக்கும் தாடையும் பெரிதானவர்களுக்குக் குழாய் போடுவது கஷ்டம், அவர்கள் தயாராக வர வேண்டும். இந்த நோயில் பெருங்குடலில் சதை வளர வாய்ப்பு கூடுதல், அதனால் கொலோனோஸ்கோபியும் கேட்பார்கள். அம்மா முறைப்பார், சமாளியுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்: மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனிந்து கோலம், குனிந்து நடவு, முக்கி மலம் கழிப்பது எதுவும் கூடாது. குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டி உப்புக் கரித்தால் அது சளியல்ல, மூளைத் தண்ணீர், உடனே ஓட வேண்டும். முதல் சில நாள் சிறுநீர் குடம் குடமாகப் போகலாம். ஏழாம் நாள் வாக்கில் அதற்கு நேர்மாறாக உப்புச்சத்து இறங்கி மயக்கம், வாந்தி வரலாம். வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் இது வரும் என்பதால் அந்த வாரம் ஒரு சோடியம் பரிசோதனை கட்டாயம்.

---

பழைய_லஸ்கர் | ஜூலை 10, காலை 9.30

எங்கள் கதையையும் முடித்துவிடுகிறேன், உங்களுக்கு உதவும்.

என் வீட்டம்மா கோலம் போட உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் தூணைப் பிடித்து எழுந்தாள். அதுதான் ஆரம்பம். முகம் வட்டமாகிவிட்டது, சொந்தக்காரர்கள் எல்லாம் "ரிட்டயர் ஆனதும் நல்லா சாப்பாடு போடுறே" என்று என்னைப் பாராட்டினார்கள். கையும் காலும் குச்சி. வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதாக் கோடுகள். லேசாக இடித்தாலும் ரத்தம் கட்டும்.

24 மணி நேரச் சிறுநீர் பிடிக்கச் சொன்னார்கள். காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை எல்லாவற்றையும் ஐந்து லிட்டர் கேனில். திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூருக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் "நல்லெண்ணெயா?" என்றார். ஆமாம் என்றேன்.

எல்லாப் பரிசோதனையும் குஷிங் என்றது, எம்ஆர்ஐ ஒன்றும் இல்லை என்றது. இந்தக் கட்டி பலருக்குப் படத்தில் தெரியாத அளவு சின்னதாம். சென்னையில் தொடை ரத்தக்குழாய் வழியாக இரண்டு மெல்லிய குழாயை மண்டையின் அடிவரை ஏற்றி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள். கையில் எடுத்த ரத்தத்தை விடப் பல மடங்கு ஏசிடிஎச் அங்கே இருந்தது. அப்படியென்றால் ஊற்று பிட்யூட்டரிதான், நுரையீரலிலோ வேறெங்கோ இல்லை. அறுவையில் 3 மில்லிமீட்டர் கட்டி எடுத்தார்கள்.

அறுவை முடிந்த மறுநாள் கார்டிசால் அதளபாதாளத்தில் இருந்தது. டாக்டர்கள் கைகுலுக்கினார்கள். நோயாளி மட்டும் வாடிய கீரைத்தண்டு மாதிரி கிடந்தாள். மீதிச் சுரப்பி பல வருடம் சும்மா கிடந்தது, விழிக்க நாளாகும் என்றார்கள். 14 மாதம் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை. காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு, வாந்தியெடுத்து மாத்திரை நிற்காவிட்டால் ஊசி. சட்டைப்பையில் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தேன்: "இவருக்கு ஸ்டீராய்டு தவறக்கூடாது." உங்கள் அம்மாவுக்கும் மாத்திரை கொடுத்தால் இந்த விதி பொருந்தும். ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் அட்டையைக் காட்டுங்கள். இப்போது கோலம் அவள்தான் போடுகிறாள், ஆனால் சின்னதாக.

---

குடமுருட்டிக்கரை | ஆகஸ்ட் 27, மாலை 6.40

அறுவை முடிந்து பத்து நாள். சோழன் எக்ஸ்பிரஸில் ஊருக்குக் கூட்டி வந்துவிட்டேன். சோடியம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. கட்டியில் கொஞ்சம் பக்கத்து ரத்தக்குழாயை ஒட்டியிருந்ததால் அதைத் தொடவில்லை என்றார்கள்.

நம்பமாட்டீர்கள், மூன்றாம் நாளே கண்ணைச் சுற்றி வீக்கம் வடிந்துவிட்டது. கை மரப்பு இல்லை. அப்பா இன்னும் திண்ணையில்தான் படுக்கிறார், குறட்டை குறைந்துவிட்டது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, காற்று நன்றாக வருகிறதாம்.

தாடையும் நெற்றியும் பழைய மாதிரி ஆகுமா என்று அம்மா கேட்டார். சதையும் நீரும் வடியும், வளர்ந்த எலும்பு வளர்ந்ததுதான் என்று டாக்டர் நேராகவே சொன்னார். அம்மா "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு ஆல்பத்தை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

---

பத்தர்வீடு | ஆகஸ்ட் 27, இரவு 8.00

நல்லது தம்பி. மெட்டிக்கு அவசரப்படாதீர்கள். விரல் இன்னும் இறங்கும்.

---

குடமுருட்டிக்கரை | நவம்பர் 18, இரவு 9.05

12 வாரம் கழித்து எடுத்த ஐஜிஎஃப்-1 வந்தது: 268. வரம்பு 240. டாக்டருக்குத் திருப்தி, எனக்கு இல்லை. இவ்வளவு லேசாக ஏறியிருந்தால் முதலில் கேபர்கோலின் பார்க்கலாம், அதற்கும் அடங்காவிட்டால் மாதம் ஒரு தடவை ஆக்ட்ரியோடைட் ஊசி, கடைசியாகத்தான் கதிர்வீச்சு என்றார். ஊசி விலை கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். சுகர் மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது.

பொறுக்க முடியாமல் அம்மா தீபாவளிக்குப் பழைய மெட்டியைப் பற்றவைத்துப் போட்டுக்கொண்டார். போன வாரம் வயலில் களை பார்க்க இறங்கியபோது சேற்றில் நழுவிவிட்டது. ஒருமணி நேரம் துழாவினோம், கிடைக்கவில்லை.

---

மன்னை_மலர் | நவம்பர் 18, இரவு 9.30

என் மாத்திரையா அம்மாவுக்கும்! இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான், மறந்துவிடாதீர்கள். அன்றைக்குக் காலையில் பஸ் பயணம் வேண்டவே வேண்டாம்.

---

வேதை_உப்பளம் | நவம்பர் 18, இரவு 9.52

அம்மா போனில் ரம்மி இருந்தால் எடுத்துவிடுங்கள். பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன், பாதி இல்லை.

---

பத்தர்வீடு | நவம்பர் 19, காலை 7.45

சேற்றில் போனது போகட்டும், அறுவடையில் கிடைத்தால் கிடைக்கும். அம்மாவை நேரில் அழைத்து வாருங்கள், சாயங்காலமாக. நோட்டில் இருக்கிற பழைய அளவு எதையும் நான் எடுக்கப்போவதில்லை.